பால்கனியில் மீனும் கீரையும்

அடையாறு,
ஆடி மாதம்

அன்புள்ள யாழினிக்கு,

மந்தைவெளி வீட்டு பால்கனியில் ஒரே தண்ணீரில் மீனும் கீரையும் வளர்க்கப் போவதாக எழுதி, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவைதான் அதிகம். அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர்; அது எப்படி நடக்கிறது என்று பார். மீன் தீனி தின்கிறது. தீனியில் உள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக, அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது; அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் மீனை அவ்வளவாகப் பாதிக்காது, செடிக்கோ அதுதான் சாப்பாடு. செடி எடுத்துக்கொண்டது போக மிச்சத் தண்ணீர் மீனிடமே திரும்புகிறது. இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் தொட்டியையும் காய்கறிப் படுகையையும் இணைத்துச் சீராக நடத்தும் முறையை 1980-களில் வட கரோலினாவில் மார்க் மக்மர்ட்ரியும், கரீபியக் கடலில் உள்ள வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசியும் உருவாக்கினார்கள். நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது: கொச்சியை ஒட்டிய செராயில் பள்ளிப்புரம் கூட்டுறவு வங்கி முன்னின்று, வீட்டு முற்றங்களில் இதே முறையில் மீனும் காய்கறியும் வளர்க்க வைத்தது.

முற்றத்தில் இல்லாத ஒரு கவலை பால்கனியில் உண்டு: எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீடுகளின் பால்கனி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. அது புதுக் கட்டடத்துக்கான கணக்கு. அதில் நீயும் உன் அம்மாவின் வாஷிங் மெஷினும் அடக்கம். மயிலாப்பூர், தி. நகர்ப் பக்கம் முப்பது நாற்பது வருஷத்துக் கட்டடங்களில் உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடித்து, பால்கனியின் அடியில் சிமென்ட் பெயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பாய். கீழே இறங்கி நின்று உங்கள் பால்கனியின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பார். விரிசலோ துருக்கறையோ தெரிந்தால், கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு டிரம்கூட ஏற்றாதே. நன்றாக இருந்தாலும் மொத்த எடையை 150 கிலோவுக்குள் வைத்துக்கொள். கைப்பிடிச் சுவர் ஓரம் வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டியே எல்லாம் இருக்கட்டும்.

அந்த எடைக்குள் அடங்கும் அளவு இதுதான்: 100 லிட்டர் கொள்ளும் நீல டிரம்மில் 80 லிட்டர் தண்ணீர். அதன் மேல் இரும்பு ஸ்டாண்டில், ஓரடி ஆழமும் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பரப்பும் உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அது செடிப் படுகை. டிரம் உணவுப் பொருள் வைத்திருந்ததாக இருக்கட்டும். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் நம்பாதே. படுகையை ஜல்லியால் நிரப்பினால் ஜல்லி மட்டுமே நூறு கிலோவை நெருங்கும். அதனால் சுட்ட களிமண் உருண்டைகளை வாங்கு, நர்சரிகளில் கிடைக்கும். எந்தக் கல்லைப் போட்டாலும் முதலில் அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பார். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம். அழகுக்காகக் கிளிஞ்சல் போடும் ஆசையும் அதே காரணத்தால் வேண்டாம்.

டிரம்மின் அடியில் 18 வாட் மோட்டார் ஒன்று. டைமர் வைத்து மணிக்குக் கால் மணி நேரம் ஓடவிடு. தண்ணீர் படுகைக்கு ஏறும். மோட்டார் நின்றதும் படுகையில் நிற்கும் வடிகுழாயின் அடியில் உள்ள சிறு துளை வழியாக மெதுவாக இறங்கிவிடும். வேர் நனைவதும் காற்று வாங்குவதும் மாறி மாறி நடக்கும். வடிகுழாயின் வாய் களிமண் உருண்டைகளின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும். மேல்மட்டம் காய்ந்திருந்தால் பாசி பிடிக்காது, கொசுவுக்கும் இடமில்லை. மாநகராட்சி ஊழியர்கள் கொசுப்புழு தேடி வரும்போது தைரியமாகத் திறந்து காட்டலாம். டிரம்மில் உள்ள புழுவை மீன் பார்த்துக்கொள்ளும். டிரம்மின் வாயில் வலை கட்டிவிடு, காக்கைக்கும் பூனைக்கும். இதோடு 5 வாட் ஏர் பம்ப் ஒன்று இரவும் பகலும் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாது.

அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் கெடுக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். பிடித்த தண்ணீரை ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தபின் பயன்படுத்து. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கடலோரப் பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம், பிஎச் அளவும் பெரும்பாலும் எட்டை ஒட்டி இருக்கும். நமக்கு வேண்டியது ஏழுக்கு அருகே. இது முக்கியம், ஏனென்றால் பிஎச் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால், அதே அமோனியாவில் நஞ்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராது, ஆனால் அது உப்பு செறிந்த தண்ணீர்; அதில் தரை துடை. இருப்பதில் நல்லது மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடிக் குழாயிலிருந்து இரண்டு கேன் பிடித்துப் போர் தண்ணீரோடு கலந்துகொள்.

இனி, பொறுமைக்கான பாடம். எல்லாவற்றையும் பொருத்தி முடித்த அன்றே மீனை விட்டால், பெரும்பாலும் சில நாளில் செத்துவிடும். பாக்டீரியா இன்னும் குடியேறவில்லையே! மீனில்லாமலே தண்ணீரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடு. நல்ல மீன் தொட்டி வைத்திருக்கும் தோழியிடம் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் படுகையில் புதைத்தால் சீக்கிரம் ஆகும். சோதனைக் கிட் வைத்து வாரம் இருமுறை பார். முதலில் அமோனியா ஏறி இறங்கும்; பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும்; கடைசியில் நைட்ரேட் தெரியும். முதல் இரண்டும் பூஜ்யத்தைத் தொட்ட பிறகுதான் மீன். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆடியில் தொடங்கினால் புரட்டாசியில் மீன் விடலாம், மார்கழியில் கொத்தமல்லி பறிக்கலாம். மாசியில் தொடங்குகிறவர்கள் மீனை நேராகக் கத்திரி வெயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

என்ன மீன்? உன் வீட்டுக்குப் பக்கத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். அவர்கள்தான் 1997-ல் முட்டுக்காட்டில் கொடுவா மீனை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். அதைக் கேட்டுக் கொடுவா மேல் ஆசைப்படாதே. டிரம்மில் அடங்குகிற மீன் இல்லை அது. ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. அதன் மேம்பட்ட ரகங்களை வளர்க்க அரசின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடையே இருக்கிறது. யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதே. தங்கமீனுக்கு நம் மே மாதம் ஆகாது. நீ கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் விரல் நீளத்தில் பத்து கோய் குஞ்சு, அல்லது மோலி, கப்பி வாங்கிக்கொள். சமைத்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் பனையேறிக் கெண்டை. அதற்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்கும்; வலை மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும், ஏறி வெளியே போய்விடும். கோய் வளர்ந்து டிரம் போதாமல் ஆகும்போது பெரிய குளம் வைத்திருப்பவரிடம் கொடு. அடையாற்றிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதே. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்ற சக்கர் மீன் அப்படி வெளியே விடப்பட்டுத்தான் நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாய் என்றால், அது தீனியின் கணக்காக இருக்கட்டும். எத்தனை மீன் என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி உள்ளே போகிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் கையேடு தரும் கணக்கு. உன் படுகைக்குப் பத்து கிராம் போதும். வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்னும் என்று வைத்தால், பத்து கிராம் தின்ன அரைக் கிலோ மீன் வேண்டும். அதுவே உன் டிரம்மின் எல்லை. குஞ்சுகள் சின்னதாக இருக்கும்போது மூன்று நான்கு கிராமில் தொடங்கு, சமையலறைத் தராசில் நிறுத்துப் போடு. மயிலாப்பூர் குளத்தில் பொரி இறைப்பது போல இங்கே கை தாராளமாக இருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தின்னாத தீனியை வலையால் அள்ளி எறிந்துவிட்டு, மறுநாள் குறைத்துப் போடு.

செடிக்கு நாற்று தேடி அலைய வேண்டாம். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலும் பொன்னாங்கண்ணிக் கட்டிலும் நல்ல தண்டு நாலைந்தை எடுத்து அப்படியே ஊன்று; வேர் விட்டுவிடும். கொடிப் பசலை, வல்லாரை, துளசி எல்லாம் வரும். தக்காளியும் வெண்டையும் சத்து அதிகம் கேட்பவை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீனியில் இரும்பு போதாது. பிஎச் ஏறிய தண்ணீரில் இருப்பதையும் செடியால் எடுக்க முடியாது. உரக்கடையில் செலேட் இரும்பு கேட்டு வாங்கி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும்படி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைத்து விடு. மாடித் தோட்டத்துப் பழக்கத்தில் வேப்பெண்ணெயோ சோப்புத் தண்ணீரோ தெளித்துவிடாதே, இரண்டும் மீனுக்கு ஆகாது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டு, மாவுப்பூச்சியைக் கையால் துடைத்து எடு. செப்புக் குடத்தில் வைத்த தண்ணீரையும் டிரம்மில் ஊற்றாதே; செம்பு மீனுக்கு விஷம்.

உனக்கு இரண்டு எதிரிகள்: வெயிலும் மின்தடையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். டிரம்மைச் சுற்றித் தெர்மோகோல் கட்டி, வெள்ளைத் துணி போர்த்து. மேற்கு பார்த்த பால்கனி என்றால் பங்குனியிலேயே நிழல்வலை போட்டுவிடு. காலை வெயில் நாலு மணி நேரம் கிடைத்தால் கீரைக்குப் போதும். மின்தடை என்றால் அரை மணி நேரத்தை மட்டும் நினைக்காதே. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாமின்போதும் சென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, சார்ஜ் ஏற்றியபடி எப்போதும் கையில் இருக்கட்டும். கரண்ட் போனதும் முதல் வேலை தீனியை நிறுத்துவது; இரண்டு மூன்று நாள் பட்டினியை மீன் தாங்கும், மூச்சுமுட்டலைத் தாங்காது. வேறு வழியில்லாவிட்டால் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்று.

எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டால் தினசரி வேலை பத்து நிமிடம்தான். காலையில் மீன் சுறுசுறுப்பாக இருக்கிறதா, மேலே வந்து வாய் பிளக்கிறதா, படுகையில் தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று பார். தீனியை நிறுத்துப் போடு. வாரம் ஒருமுறை பிஎச்சும் அமோனியாவும் பார். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் நிரப்பு, மொத்தமாக மாற்றாதே.

இதில் பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வாங்கும் கீரைக் கட்டு இதைவிட மலிவு. தண்ணீர் மிச்சம் என்பது மட்டும் உண்மை: தரையில் ஊறி வீணாவது இல்லை, ஆவியாவதும் செடி குடிப்பதும்தான் செலவு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அதைவிடப் பெரிய லாபம், போட்டது எங்கே போகிறது என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கும் பழக்கம். பள்ளிப் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சி என்று அம்புக்குறி போட்டுப் படித்தாயே, அதை இனி சோதனைக் கிட்டில் நிறமாகப் பார்ப்பாய்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாதே. முதலில் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார், வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறி, வீட்டுத் தண்ணீரின் பிஎச் அளந்து எனக்கு எழுது. டிரம் அதன் பிறகு வாங்கலாம். மீன் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அன்புடன்,
சித்தப்பா