நட்சத்திர விடுதிகளும் நம் மளிகைக் கடைகளும்



காளவாசல் என்றால் சுண்ணாம்பும் செங்கலும் சுடும் சூளை. ஊரின் பெயரிலேயே ஒரு தொழில் இருக்கிறது. நாம் வியாபாரத்தில் இறங்கிய நாட்களில் கீழமாசி வீதியிலிருந்து காளவாசலுக்கு மூட்டை ஏற்றினால், "ஊருக்கு வெளியேயா?" என்று வண்டிக்காரர் முணுமுணுப்பார். இன்று பைபாஸ் சாலையின் இருபுறமும் துணிக்கடை, நகைக்கடை, குளிர்சாதன உணவகம் என்று நிறைந்து கிடக்கிறது. 2020ல் மேம்பாலமும் திறக்கப்பட்டது. மதுரையில் நாகரிகமான பகுதி எது என்று வெளியூர்க்காரர் கேட்டால், கே.கே. நகர், அண்ணா நகரோடு இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இதனால் நம் மளிகைக் கடைக்காரருக்கு லாபமா, நட்டமா என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காளவாசலுக்குப் பக்கத்தில் கோச்சடையில் ஓர் உயர்தர விடுதி இருக்கிறது. முன்பு அது மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளின் கிளப். 1889ல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலைதான் பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆயிற்று. கிளப் கட்டடத்தை 1970களில் அமைத்துக் கொடுத்தவர் இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பழைய கட்டடங்களில் இருந்து கழற்றிய பொருள்களை வைத்தே அதைக் கட்டினார். பழைய சாமான் வியாபாரி கழித்துப் போடும் சரக்குக்கு அப்படி ஒரு மதிப்பு! இன்னொரு விடுதி பசுமலைக் குன்றின் மேல், 60 ஏக்கருக்கும் கூடுதலான தோப்புக்குள் இருக்கிறது. அதுவும் ஆலையின் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த இடந்தான்.

இவ்விடங்களுக்கு வந்து ஓரிரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? மெத்தை எந்த ஊரிலும் கிடைக்கும். வேப்பமர நிழல், கல்தூண், காலையில் இட்லியோடு நல்ல மிளகாய்ப் பொடி ஆகியவை இங்கேதான் கிடைக்கும். காரைக்குடியிலும் இதைக் கண்கூடாகக் காணலாம். இத்தாலியச் சலவைக்கல்லும் பர்மாத் தேக்கும் இறக்கிக் கட்டிய செட்டிநாட்டு மாளிகைகளில் சில இன்று விடுதிகளாக இருக்கின்றன. அங்கே 1999 முதல் விடுதியாக நடக்கும் 'பங்களா'வுக்கு விருந்தினர் வருவதே வாழையிலைச் சாப்பாட்டுக்காகத்தான் என்று சொல்லலாம். ஆக, விருந்தினர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மிளகு, மல்லி, பருப்பு, எண்ணெய் விற்பவருக்கு வர வழி இருக்கிறது.

நாகரிகம் கூடினால் வாடகையும் கூடும். அதையும் மறந்துவிடக் கூடாது. இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில் மோன்டெநாப்போலியோனே என்று ஒரு வீதி, முழுக்க முழுக்க ஆடம்பரக் கடைகள். 2024ல் வந்த ஓர் ஆய்வறிக்கை, உலகிலேயே கடை வாடகை மிகுந்த வீதி அதுதான் என்றது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20,000 யூரோ. அன்றைய நாணய மாற்று மதிப்பில், நம் கணக்கில் ஒரு சதுர அடிக்கு மாதம் ஏறத்தாழ 14,000 ரூபாய்! அந்த வாடகையில் பருப்பு விற்க முடியுமா? ஆனால் அதே மிலானில், பெரிய தேவாலயத்துக்கு அருகே ஸ்படாரி வீதியில், 'பெக்' என்ற உணவுப்பொருள் கடை நடக்கிறது. பிராகா நகரிலிருந்து வந்த பிரான்செஸ்கோ பெக் என்பவர் 1883ல் தொடங்கியது. பதப்படுத்திய இறைச்சியில் ஆரம்பித்து, தேர்ந்த தின்பண்டம் என்றாலே அந்தக் கடைதான் என்று பெயர் வாங்கியது.

நம் பைபாஸ் சாலையிலும் வாடகை ஏறியதால் உள் தெருவுக்கு மாறிய மளிகைக்காரர்களை நாம் அறிவோம். வாய்மொழி வாடகையில் இருப்பவர்கள் இனியும் அப்படி இருக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

இனி விடுதிக்குச் சரக்குப் போடும் விஷயத்துக்கு வருவோம். பெரிய விடுதியில் முதலாளியைப் பார்த்துப் பேசி முடிக்கும் பழக்கம் இல்லை. கொள்முதல் மேலாளர் விலைப்புள்ளி கேட்பார், தலைமைச் சமையற்காரர் மாதிரி பார்ப்பார், ஸ்டோரில் எடை போடுவார்கள். மூவரும் சரி என்றால்தான் சரக்கு உள்ளே போகும். விலை மலிவைவிட, முதலில் காட்டிய மாதிரியும் பிறகு வரும் மூட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

இதை நாம் அடிபட்டுத்தான் கற்றோம். ஒரு விடுதிக்கு இராமநாதபுரம் குண்டு மிளகாய் மாதிரி காட்டி ஆர்டர் வாங்கினோம். (அந்த மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நாம் சொல்வது அதற்கு வெகு முந்தைய கதை.) மூன்றாம் மாதம் சரக்கு தட்டுப்பாடு. நிறம் ஒத்த வேறு மிளகாயை இரண்டு மூட்டை அனுப்பிவிட்டோம். யாருக்குத் தெரியப் போகிறது என்ற நினைப்பு. அரைத்துக் குழம்பு வைத்த அன்றே சமையற்காரர் கண்டுபிடித்தார். மூட்டைகள் திரும்பி வந்தன, ஏற்றுகூலி, இறக்குகூலி நம் தலையில். "சரக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் சமாளித்திருப்பேனே, ஐயா" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கு நம்மிடம் பதில் இல்லை.

அடுத்தது பில். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்த விடுதி, பொருள் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். 7,500 வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு அந்தக் கழிவு கிடையாது. எனவே உயர்தர விடுதி நம்மிடம் ஒழுங்கான வரிப் பில் கேட்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரி போட முடியாது, ஆகவே வரி உள்ள சரக்குகளில் அவரை ஒதுக்கிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பில்லில் அச்சிட வேண்டும்; 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

பலரைக் கவிழ்ப்பது கடன் தவணைதான். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கில் 4 சதவீதம் லாபம் வைத்தால் 4,000 ரூபாய். பணம் 90 நாள் கழித்து வருகிறது. 12 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கிய முதல் என்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ 2,960 ரூபாய். மீதி ஆயிரத்துச் சொச்சத்தில் ஆட்டோ வாடகை, சுமைகூலி, கழிவு எல்லாம் போக என்ன நிற்கும்? 120 நாள் என்றால் கைமுதலே கரையும்.

சிறு தொழில் சட்டத்தில் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளை உத்யம் பதிவில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் சலுகைக்கு மட்டுமே என்று அரசு வரையறுத்துவிட்டது. பொருளை வாங்கி விற்கும் நமக்கு அந்த 45 நாள் பாதுகாப்பு பொருந்தாது. நாமே எழுதி வாங்கும் நிபந்தனைதான் நமக்குச் சட்டம். ஆர்டரில் தவணை நாள் எழுதியிருக்க வேண்டும், இரண்டு பில் பாக்கி நின்றால் மூன்றாவது லோடு போகக் கூடாது. மூன்று மாத நிலை விலைக்கு ஒப்புக்கொள்பவர்கள் பருப்பு, எண்ணெய், மிளகாய் மூன்றையும் அதிலிருந்து பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒரு விலை என்று பேசிக்கொள்வது நல்லது. துவரம் பருப்பு ஒரு மாதத்தில் ஏறும் ஏற்றம் உங்களுக்குத் தெரியாததா?

சென்ற மாதம் கோச்சடைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி நம்மிடம் வந்தார். "அண்ணாச்சி, ஒரு விடுதியில மொத்த மளிகையும் நம்மகிட்டயே கேக்குறாங்க. கடையை அடமானம் வச்சாவது போட்டுறலாமா?" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. அவருடைய பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அவர் கையில் சுழலும் முதல், விடுதியின் இருபது நாள் தேவைக்குத்தான் வரும். அடமானப் பேச்சே வேண்டாம், மிளகாயும் மல்லியும் மட்டும் முதலில் போடு, பதினைந்து நாள் தவணை எழுதி வாங்கு, மூன்று மாதம் கழித்துப் பேரேட்டோடு மறுபடி வா என்று சொல்லி அனுப்பினோம். சற்று முகம் வாடித்தான் போனார். முதல் பில் பணம் பதினான்காம் நாள் வந்துவிட்டதாக நேற்று தொலைபேசியில் சொன்னார்.