தெளிந்த நீரில் நஞ்சு

நான் வாங்கி விட்ட இரண்டு கோமாளி மீன்களும் ஆறாம் நாள் காலையில் செத்துக் கிடந்தன. தண்ணீரோ பளிங்கு போல் இருந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் 120 லிட்டர் தொட்டி, பாறை, மணல், கடலுப்பு எல்லாம் வாங்கி ஒரே வார இறுதியில் பவளத் தொட்டியை அமைத்திருந்தேன். மறுநாளே மீன். "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றார் அம்மா. அந்த மீன்களுக்குப் பெயர் வைத்திருந்த தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கொன்றது அமோனியா. மீனின் செவுளிலிருந்து வெளியாவது, கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி உண்டாவது. அதற்கு நிறமில்லை, நீரும் கலங்காது. கடல் நீர் காரத்தன்மை உடையதால் அங்கே அதன் கடுமை இன்னும் அதிகம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பாறையின் நுண்துளைகளில் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நான் கொடுத்தது ஒரு நாள்!

நண்பர்களே, வேடிக்கையைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பின், இதே பாடத்தை மலாய்மொழியில் 'கித்தார் நைட்ரோஜன்' என்று (இசைக்கருவி அல்ல, சுழற்சி) மனப்பாடம் செய்து, எஸ்.பி.எம். தேர்வுக்காக அம்புக்குறி பிசகாமல் வரைந்து பழகியவன் நான். அது எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் நடக்கும் என்று தோன்றவே இல்லை.

இரண்டாம் முறை மீனில்லாமல் தொடங்கினேன். வடிகட்டிய தூய நீரில் உப்பைக் கலந்து, ஒப்படர்த்தி 1.025 ஆனதும் தொட்டியை நிரப்பினேன். சில துளி அமோனியாக் கரைசலை விட்டு, இரண்டு நாளுக்கொரு முறை நீரைச் சோதித்தேன். அமோனியா ஏறியது; பிறகு நைட்ரைட். இரண்டும் சுழியத்துக்கு இறங்க 38 நாள் ஆயின. அதுவரை வெறுங்கல்லுக்குக் காவலிருக்கிறான் என்று வீட்டில் ஒரே கேலி.

நம் நாட்டில் இன்னொரு தொல்லை வெப்பம். தொட்டிப் பவளத்துக்கு 25, 26 டிகிரி போதும். எங்கள் வீட்டில் பிற்பகலில் நீர் 30ஐத் தாண்டிவிடும். சூடு நீடித்தால் பவளம் தன் திசுவில் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடியதும் இந்த வெளுப்பினால்தான். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியை ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் தொட்டி நாளடைவில் கடலைவிடக் கரிக்கும். கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் அந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்றுகிறேன்.

புதிய கோமாளி மீன்கள் வந்து ஏழு மாதமாகிறது. ஒரு சிறு மென்பவளமும் விரிந்திருக்கிறது. தங்கை மட்டும் இம்முறை பெயர் வைக்கவில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அண்ணா" என்கிறாள்.