4130-இல் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஜவ்வாது மலைக் காவலூரில் கண்டுபிடித்த குறுங்கோளின் பெயர் '4130 ராமானுஜன்' என்கிறார்களே, அந்தக் கணித மேதையின் 1729 போல 4130-க்கும் விசேஷம் உண்டா? — வாசகர், ஜமுனாமரத்தூர்

4130 வெறும் வரிசை எண். அந்தக் குறுங்கோளை 1988-இல் வானியலாளர் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார்; அதன் சுற்றுப்பாதை உறுதியானபின் கிடைத்த எண் அது. பிரித்தால் 2×5×7×59. காரணிகள் மொத்தம் 16. குட்டி எண்ணான 120-க்கே 16 உண்டு! காரணிகள் மலிந்த எண்களைப் பற்றி 1915-இல் நீண்ட கட்டுரை எழுதிய ராமானுஜனுக்கு இது கொஞ்சம் ஏழை எண்தான். 1729 இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவிதமாக வரும். 4130 ஒருவிதமாகக்கூட வராது.

ஆனால் 4130-இலிருந்து 1729-ஐக் கழித்துப் பாருங்கள்: 2401. அதாவது 7×7×7×7! தற்செயல்தான். இருந்தாலும் உங்கள் ஊர்க் கணக்கு வாத்தியாரை மடக்க இது போதும்.