கணினிக் கணக்குக்கும் ஒரு பூட்டு

பேரேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலம் மாறிவிட்டது. இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மளிகைக் கடைகளில்கூட கொள்முதல் விலை, கடன் பாக்கி, வாடிக்கையாளர் செல்போன் எண் ஆகியவை கணினியில் இருக்கின்றன.

“கணினியைத் திறக்க பாஸ்வேர்டு இருக்கிறதே, போதாதா?” என்று கேட்கலாம். போதாது. பழுதுபார்க்க ரிச்சி தெருவுக்குக் கொடுத்த கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால், உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். தொலைந்த பென்டிரைவுக்கும் இதே கதிதான்.

என்கிரிப்ஷன் என்பது என்ன?

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி எனப் பள்ளியில் படித்தோம். ஜவுளிச் சீட்டில் அடக்க விலையை எழுத்துகளால் குறிப்பதும் அவ்வகையே. என்கிரிப்ஷனும் அதுபோல் கணக்கைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றி வைக்கிறது. பாஸ்வேர்டே அதன் சாவி.

செய்முறை

நம்மில் பலர் பயன்படுத்தும் டாலியில் இதற்கு ‘டாலிவால்ட்’ என்ற வசதி உண்டு.

1. முதலில் பேக்கப் எடுக்கவும்.

2. டாலிபிரைமில் ஆல்ட், கே விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாலிவால்ட்டைத் தேர்ந்தெடுத்து, புதிய பாஸ்வேர்டை இருமுறை தரவும். கடைப் பெயர், செல்போன் எண், பிறந்த தேதி வேண்டாம்.

3. மீண்டும் திறந்து, பாக்கிகள் சரியாக உள்ளனவா எனப் பார்த்து, புதிய பேக்கப் எடுக்கவும்.

4. அதன் பின்னரே பூட்டாத பழைய பிரதிகளை அழிக்கவும். ஒரு பிரதி வெளியே கிடந்தாலும் பூட்டியது வீண்.

5. மற்ற கோப்புகளுக்கு விண்டோஸ் புரோ பதிப்பில் ‘பிட்லாக்கர்’ உள்ளது. அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அச்சிட்டு, கணினிக்கு அருகில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கவும்.

எச்சரிக்கை

டாலிவால்ட் பாஸ்வேர்டை மறந்தால் டாலி நிறுவனத்தாரே மீட்டுத் தர முடியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். ஆகவே பாஸ்வேர்டும் அத்தனை காலம் பத்திரமாக இருக்க வேண்டும். காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ வைக்கவும். நம்பிக்கையான பங்குதாரர் அல்லது பிள்ளை ஒருவருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைக் கணினியில் வைத்திருப்போர் தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு வழி செய்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், பாதுகாப்பு முறைகளுள் என்கிரிப்ஷனையும் குறிப்பிடுகின்றன.

கடன் நோட்டை ஊரார் பார்க்க விடமாட்டோம். கணினிக் கணக்குக்கும் அதே கவனம் தேவை.