டப்ளின் குன்றிலிருந்து பனிமலை வரை: நாயோடு குளிர்கால மலைநடை

மழைக்காலம் தொடங்கியதும் கலிஃபோர்னியாவின் டப்ளினைச் சுற்றியுள்ள குன்றுகள் பச்சை கட்டுகின்றன. கோடை வெயிலில் நாயை நடத்த முடியாத பாதைகள், மார்கழி முதல் மாசி வரை நடக்க அருமையாக இருக்கும். விடுமுறையில் பல குடும்பங்கள் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு சியரா நெவாடா பனிக்கும் போகின்றன.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். கால் வலித்தாலும் குளிர் உறைத்தாலும் நாய் நம் பின்னாலேயே வரும். எங்கே போவது, எவ்வளவு தூரம், எப்போது திரும்புவது என்ற மூன்றையும் அதற்காக நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. நாயின் உடலைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

ஹஸ்கிக்கு இரட்டை ரோமம் இருக்கிறது, குளிரைத் தாங்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் ஊர் நாய்கள் வெப்பமான நிலத்துக்கு ஏற்ற ஒல்லி உடலும் குட்டை ரோமமும் கொண்டவை. இப்படிப்பட்ட நாய்களுக்கு 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சட்டை போடுங்கள். 20 டிகிரிக்குக் கீழே எந்த வீட்டு நாயையும் நெடுநேரம் வெளியே வைக்க வேண்டாம். குட்டிக்கும், வயதான நாய்க்கும், மூட்டுவலி உள்ள நாய்க்கும் குறுகிய சமதளப் பாதை போதும். காட்டு விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். அதற்கான தடுப்பூசி பற்றியும் உண்ணி மருந்து பற்றியும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

2. நாய்க்கு அனுமதியுள்ள மலையைத் தேர்ந்தெடுங்கள்

ஈஸ்ட் பே பிராந்தியப் பூங்கா அமைப்பு நடத்தும் டப்ளின் ஹில்ஸ், பிளசன்டன் ரிட்ஜ் இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் தொடங்க ஏற்றவை. வண்டி நிறுத்துமிடம், பாதைத் தொடக்கம் ஆகியவற்றிலிருந்து 200 அடி வரை நாய் கயிற்றில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், கூப்பிட்டதும் வரும் நாயை மட்டும் திறந்தவெளியில் அவிழ்த்துவிடலாம். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் மானையோ அணிலையோ கண்டால் காது கொடுக்காது, கயிற்றிலேயே வைத்திருங்கள்.

3,849 அடி உயர மவுன்ட் டயாப்லோ கண்ணெதிரே நின்றாலும் அது மாநிலப் பூங்கா. அங்கே மண்பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. யோசெமிட்டியிலும் மலைப்பாதைகளில் நாயை நடத்த முடியாது. நெடுந்தூரம் ஓட்டிப் போய் ஏமாறாமல் இருக்க, பூங்காவின் விதிகளை வீட்டிலேயே படித்துவிடுங்கள்.

3. நாள், நேரம் குறியுங்கள்

இங்குள்ள களிமண் மழையில் குழைந்து காலணியிலும் பாதத்திலும் அப்பிக்கொள்ளும். பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் காய விட்டுப் போங்கள்; பாதையும் சிதையாது. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலையில் கிளம்பி, 3 மணிக்குள் வண்டிக்குத் திரும்பும்படி தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

4. பையில் இவை இருக்கட்டும்

தண்ணீர், மடக்குக் கிண்ணம், நாயின் வழக்கமான உணவு, ஹார்னஸ், ஆறடிக் கயிறு, இரண்டு துண்டு, கம்பளி, கட்டுத்துணி, உண்ணி எடுக்கும் இடுக்கி, கழிவுப் பைகள், தலைவிளக்கு. 24 மணி நேர விலங்கு மருத்துவமனையின் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

நம் கட்டுச்சோற்றுப் பை தனியாக இருக்கட்டும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பல காலமாகத் தெரிந்ததே. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2022-இல் வெளியான கால்நடை மருத்துவக் கட்டுரை சுட்டியது. அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அது பதிவு செய்தது. ஆகவே புளியோதரையில் ஒரு பிடிகூட நாய்க்கு வைக்காதீர்கள். வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் கலந்த சூயிங்கம் ஆகியவையும் நஞ்சு.

5. பாதையில் தரையைப் பாருங்கள்

மழைக்குப் பின் ஓக் மரத்தடியில் டெத் கேப் காளான் முளைக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்து பே ஏரியாவில் பரவிய இனம் இது. வெளிர் பச்சை அல்லது மஞ்சள் குடை, குடையின் அடிப்பக்கத்தில் வெள்ளைச் செவுள் மடிப்புகள், தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை ஆகியவை அடையாளம். தின்ற பிறகு பல மணி நேரம் நாய் நன்றாகவே இருக்கும். வாந்தி, பேதி வந்து சற்றுத் தேறியதுபோல் தோன்றும். அதற்குள் கல்லீரல் அழிய ஆரம்பித்திருக்கும். எந்தக் காளானையாவது விழுங்கினால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓடைக்கரையில் ஆரஞ்சு வயிறுள்ள நியூட் என்ற பல்லி போன்ற உயிரினம் ஊரும். அதன் தோலில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு. நாய் வாயில் கவ்வ விடாதீர்கள்.

இந்தக் குன்றுகள் மேய்ச்சல் நிலமும்கூட. மாட்டைக் கண்டால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் சுற்றிச் செல்லுங்கள். மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், நீங்களும் விலகிக்கொள்ளலாம்.

6. பனிக்குப் போகும்போது

ஐ-80 நெடுஞ்சாலையில் டானர் சிகரப் பகுதி 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. டயர் சங்கிலி அவசியம். ஸ்னோ-பார்க் இடங்களில் நவம்பர் 1 முதல் மே 30 வரை வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு வேண்டும், முன்பே வாங்கிவிடுங்கள். நாய் அனுமதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதையும் பாருங்கள். சியரா அவலாஞ்ச் சென்டரின் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்து, செங்குத்தான சரிவுகளைத் தவிருங்கள்.

விரலிடுக்கில் பனி உருண்டையாகக் கட்டி நாயை நொண்ட வைக்கும். விரலிடுக்கு ரோமத்தை முன்பே கத்தரித்து, பாத மெழுகு தடவுங்கள். அல்லது காலணி மாட்டுங்கள். காலணிக்கு ஒரு வாரம் வீட்டிலேயே பழக்குங்கள். நாய் பனியைத் தின்றால் உடல் மேலும் குளிரும். அரை மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.

7. இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் திரும்புங்கள்

நடுக்கம், பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பது, பின்தங்குவது, படுத்துக்கொள்வது. உச்சிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி வரை. 99-க்குக் கீழே போனால் ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால் நிலைமை முற்றிவிட்டது. ஈரத்தைத் துடைத்து, கம்பளியில் சுற்றி, உங்கள் உடலோடு அணைத்து வண்டிக்குக் கொண்டுபோய், மருத்துவமனைக்கு விரையுங்கள். உறைந்த காதையோ பாதத்தையோ தேய்க்காதீர்கள்.

8. வீடு திரும்பியதும்

சாலை உப்பும் சேறும் போக வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவையுங்கள். பிறகு உண்ணி பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் மேற்குக் கருங்கால் உண்ணி இங்கே குளிர்காலத்தில்தான் முழு வளர்ச்சியடைந்து புல்நுனியில் காத்திருக்கும். காதுமடல், கழுத்துப் பட்டை, அக்குள், தொடையிடுக்கு எங்கும் விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். குழந்தைகளின் தலையையும் பாருங்கள்.

மறுநாள் காலை நாய் எழுந்து நடப்பதைக் கவனியுங்கள். துள்ளி வந்தால் அந்தத் தூரம் அதற்கு ஏற்றது. விறைப்பாக நடந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.