இடுப்பு வலியும் கையால் செய்யும் வைத்தியமும்



மலையில் வேலை செய்யும் எவரையும் "உடம்பு எப்படி?" என்று கேட்டால் முதலில் வருகிற பதில் இடுப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குக் கூடையின் கயிறு தலையில், படங்கு இடுப்பில், கால் சரிவில். ஆண்களுக்கு முள்ளுக்குத்து, கவ்வாத்து, மருந்தடிக்கும் டாங்கியின் பாரம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தன. புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016ஆம் ஆண்டாயிற்று. மீரியபெத்த மக்கள் மட்டுமல்ல, மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து இடம் மாறிய எந்தக் குடும்பமும் புதிய இடத்தில் கல் பொறுக்கி, நிலம் கொத்தி, தண்ணீர் சுமந்துதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. இடுப்பு வலியும் வீட்டுச் சாமான்களோடு கூடவே வந்துவிடுகிறது.

இந்த வலிக்குக் கையால் செய்யும் வைத்தியங்கள் பல உண்டு. ஊரில் சுளுக்கு எடுப்பவர் இருக்கிறார். முறிவு நெரிவு வைத்தியர் இருக்கிறார். இப்போது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் வந்தவர்களும் "ஒஸ்டியோபதி" என்ற புதுப் பெயர் ஒன்றையும் கொண்டுவருகிறார்கள். "ஃபாதர், அங்கே போனால் ஒரே நாளில் எலும்பைச் சரியாக்கிவிடுவார்களாம், உண்மையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குரிய பதிலை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒஸ்டியோபதி என்பது என்ன?

கிரேக்க மொழியில் "ஒஸ்டியோன்" என்றால் எலும்பு. இம்முறையைத் தொடங்கியவர் அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர் (1828 - 1917). அவரும் ஒரு வைத்தியர்தான். 1864ஆம் ஆண்டு மூளைக் காய்ச்சலில் தம் பிள்ளைகள் மூவரை இழந்தார். அக்காலத்து மருந்துகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் துயரத்திலிருந்து அவர் வேறு வழி தேடினார். எலும்பும் தசையும் நல்ல நிலையில் இருந்தால் உடல் தன்னைத் தானே குணமாக்கிக்கொள்ளும் என்பது அவர் கண்ட கொள்கை. 1874இல் அதை வெளியிட்டு, 1892இல் கேர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். நம் ஊரில் முறிவு வைத்தியரைத் தேடிப் போவதுபோல அங்கும் மக்கள் அவரை எலும்பு வைத்தியராகவே தேடிப் போனார்கள்.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. காய்ச்சல் முதலிய நோய்களுக்கும் எலும்பின் பிசகே காரணம் என்ற எண்ணம் பிற்கால விஞ்ஞானத்தின் முன் நிற்கவில்லை. கையால் தசையைத் தளர்த்துவதும், மூட்டை அசைத்துப் பழக்குவதும், நோயாளியை முழு மனிதராகப் பார்ப்பதும் நிலைத்தன. இன்று அமெரிக்காவில் ஒஸ்டியோபதி படித்தவர்கள் மருந்து எழுதவும் சத்திர சிகிச்சை செய்யவும் உரிமையுள்ள முழு டாக்டர்கள். பிரித்தானியாவில் அவர்கள் கையால் மட்டும் வைத்தியம் செய்பவர்கள். அங்கே 1993இல் வந்த சட்டத்தின்படி, பதிவு செய்யாத எவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே "இவர் ஒஸ்டியோபதி டாக்டர்" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டில் படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெயர்ப்பலகை எழுத யாராலும் முடியும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

நன்கு படித்தவராக இருந்தால் கை வைப்பதற்கு முன் நெடுநேரம் கேள்வி கேட்பார். வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, என்ன வேலை, எவ்வளவு பாரம், விழுந்தீர்களா, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்பவை அந்தக் கேள்விகள். பிறகு நிற்க, குனிய, நடக்கச் சொல்வார். காலின் பலத்தையும் உணர்ச்சியையும் பார்ப்பார். இதற்கே அரை மணி, முக்கால் மணி ஆகலாம். ஒரு கேள்வியும் கேட்காமல் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகை அமுக்கத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

உடையைச் சிறிது களைய வேண்டி வரும். இதைப் பெண்கள் வெளியே பேசுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கணவரையோ அக்காவையோ மகளையோ அறைக்குள் வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. போர்த்திக்கொள்ளத் துணி கேட்கலாம். "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று இடையில் நிறுத்தலாம். நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

சிகிச்சை என்பது தசையைப் பிடித்துத் தளர்த்துவது, மூட்டை மெதுவாக இழுத்து அசைப்பது, சில வேளை சட்டென்று ஒரு சிறு தள்ளு. அந்தத் தள்ளில் "சடக்" என்று ஒரு சத்தம் கேட்கும். விலகிய எலும்பு தன் இடத்தில் விழுந்த சத்தம் என்று மக்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருகிறது. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதும் தவறு.

அன்றிரவும் மறுநாளும் அடித்துப் போட்டதுபோல உடம்பு வலிக்கலாம், களைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் அது போய்விடும். அந்த நாளில் பெயர் விழ வேண்டும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினால் செய்த வைத்தியம் வீண். அதனால் மறுநாள் ஓய்வு எடுக்கக்கூடிய நாளாகப் பார்த்துப் போங்கள்.

எவ்வளவு குணம் எதிர்பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவோ, கட்டியோ, கிருமியோ காரணமாகக் காட்ட முடிவதில்லை. இத்தகைய வலி புதிதாக வந்ததாக இருந்தால், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்கு குறைந்துவிடும். நீண்ட நாள் வலிக்கு அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும், கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சையையும், உருவி விடுவதையும் அது ஏற்றுக்கொள்கிறது. இடுப்புப் பட்டியையும், பாரம் கட்டி இழுப்பதையும் அது வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நம் ஆட்கள் முதலில் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பட்டியைத்தான்.

ஆக, கையால் செய்யும் வைத்தியத்தில் பலன் உண்டு. ஆனால் அது அளவான பலன். வலி ஓரளவு குறையும், குனிய நிமிர இலகுவாகும், பயம் தெளியும். அந்த இடைவெளியில் உடலை அசைத்துப் பலப்படுத்தினால் குணம் நிற்கும். படுக்கையில் கிடந்து அடுத்த முறைக்குக் காத்திருந்தால் நிற்காது. ஆஸ்மா, பிரஷர், சீனி வருத்தம், பிள்ளையின் வயிற்றுவலி எல்லாம் இதனால் தீரும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அவற்றுக்குக் கிளினிக்கில் தரும் மருந்தை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

"டிஸ்க் விலகிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது" என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் பிடித்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 37 வீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 வீதத்தினருக்கும் முதுகுத் தட்டில் தேய்மானம் தெரிந்தது. தலை நரைப்பதுபோல முதுகும் நரைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டையும் உறவையும் மண்ணுக்குள் விட்டு வந்தவர்களுக்கு வலி கூடுதலாகத் தெரிவது இயல்பு. தூக்கமின்மையும் கவலையும் நரம்பை விழிப்பாகவே வைத்திருக்கும். அதனால் வலி பொய் என்றோ, "மனசுதான் காரணம்" என்றோ யாரும் தட்டிவிடக் கூடாது. வலி உண்மை. அதற்கு மருந்து முதுகில் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் வைத்தியர்கள்

கால் மாறிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பது நம் பாட்டிமார் சொன்னது. மெதுவாக மிதித்தால் தசை தளரும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. பிறப்பின் மகிமை எனக்குத் தெரியவில்லை. ஆனால் எலும்பு மெலிந்த வயோதிபர் முதுகில் எவர் ஏறி மிதித்தாலும் எலும்பு நொறுங்கும்.

முறிவு நெரிவு வைத்தியம் வேறு வகை. சிங்கள ஊர்களில் பரம்பரையாக வரும் இந்த வைத்தியர்களிடம் நம் தோட்டத்து மக்களும் போகிறார்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வந்தபின் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் பதிவு உண்டு. பத்து, எண்ணெய், மூங்கில் தப்பை ஆகியவற்றால் பலருக்குச் சுகம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சறுக்கி விழுந்து வீங்கிய இடத்தை எக்ஸ்ரே எடுக்கும்வரை உருவக் கூடாது. கட்டுப் போட்டபின் விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்தால், விரலை நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல வலித்தால், அந்த நிமிடமே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இறுகிய கட்டினால் சில மணி நேரத்திலேயே கை பயனற்றுப் போகும். காலையில் பார்ப்போம் என்று வைத்திருப்பது ஆபத்து. தோலைக் கிழித்து எலும்பு தெரிந்தால் வேறு எங்கும் போகாமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

யார் கையாலும் தொடக்கூடாத இடுப்பு வலி

சிறுநீர் போவது தெரியாமல் போனால் அல்லது போக முடியாமல் அடைத்துக்கொண்டால், மலம் கட்டுப்படாமல் போனால், இரு தொடைகளுக்கும் நடுவில் மரத்தால், கால் பலமிழந்து இழுத்தால், அது அவசரம். முதுகு நரம்புக் கட்டு நசுங்கியிருக்கலாம். அன்றே சத்திர சிகிச்சை தேவைப்படலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வண்டி ஏற முடியாத லயத்தில் இருந்தால் கதிரையில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவரும் இளைஞர்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு ஆகியவற்றோடு முதுகு வலித்தால் காசநோய் முதுகெலும்பில் இருக்கக்கூடும். அதற்கு அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது, குணமும் ஆகும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள், வலியால் இரவில் உறங்கவே முடியாதவர்கள் ஆகியோரும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்களும், நெடுங்காலம் ஸ்டீரொயிட் மாத்திரை குடித்தவர்களும் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருப்ப யாரையும் விடாதீர்கள். அரிதாக என்றாலும், கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்ததுண்டு. சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பிவிடுவதும் இதில் சேரும்.

காசும் தூரமும்

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒஸ்டியோபதி என்று தனிப் பிரிவு கிடையாது. தனியாரிடம் ஒவ்வொரு முறையும் காசு. பஸ் செலவும் ஒருநாள் சம்பளமும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நாலைந்து முறை போயும் மாற்றம் இல்லையென்றால் ஆறாவது முறை போவதற்குக் காரணம் இல்லை. "இருபது முறைக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பவருக்காகத் தோட்டை அடகு வைக்க வேண்டாம். பதுளை பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஒஸ்டியோபதிகாரர் செய்வதில் பெரும்பகுதியை அங்கேயும் செய்கிறார்கள், பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள், கட்டணம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

வீட்டிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு காலை இரு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். பிறகு மறுகால். இப்படிப் பத்துத் தடவை, காலையிலும் படுக்கப் போகும்போதும். மலையில் ஒரு நிரை முடிந்ததும் கூடையை இறக்கிவிட்டு, இரு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் ஐந்து தடவை வளையுங்கள். கங்காணி ஏதாவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். முதல் வாரம் சற்று நோகும். நோவு காலுக்கு இறங்கினால் மட்டும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

நம் குடியிருப்பில் கடந்த ஒரு வருடத்தில் இடுப்பு வலிக்காக ஒவ்வொரு வீடும் எவ்வளவு செலவு செய்தது? அதில் பலன் தந்தது எது? கொழுந்தை நிறுக்கும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் இன்னொரு இடத்தில் நிறுக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்க முடியுமா? இரவில் 1990 வண்டி வந்தால் எந்த இடம்வரை வரும், அங்கிருந்து நோயாளியைத் தூக்கி வரப் பொறுப்பெடுப்பவர்கள் யார்?