புரோகிராம் துண்டு: கொடுக்கும் முன் சோதிப்போம்!



கம்ப்யூட்டருக்கு நாம் வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகள்தான் புரோகிராம். தமிழில் நிரல் என்கிறோம். பெரிய நிரலை யாரும் முதல் வரியிலிருந்து புதுசா எழுதுறதில்லை. ஒருவர் எழுதிய சின்னத் துண்டை இன்னொருவர் வாங்கித் தன் நிரலில் சேர்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குற மாதிரிதான். உறைமோர் நல்லா இருந்தா தயிர் நல்லா இருக்கும். கெட்டுப்போனதை ஊத்தினா பால் முழுசும் வீண்!

நோட்டில் தொடங்கிய பழக்கம்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 1 என்ற பெரிய கணிப்பொறி இருந்தது. கிரேஸ் ஹாப்பர் என்ற கணித அறிஞர் 1944-ல் அங்கே வேலைக்கு வந்தார். அவரும் கூட இருந்தவர்களும், சரியா வேலை செய்த துண்டுகளை நோட்டில் எழுதி வைத்தார்கள். தேவைப்படும்போது ஒருத்தர் நோட்டைப் பார்த்து இன்னொருத்தர் எழுதிக்கொள்வார்.

ஆனால் கையால் பார்த்து எழுதும்போது தப்பு வந்துவிடும். ஆங்கில ‘பி’ எழுத்தை அவசரமா எழுதினா 13 மாதிரி தெரியும். அந்த ஒரு தப்பு போதும், விடை மாறிடும். அதனால் ஹாப்பர் 1952-ல் ஏ-0 என்ற முறையை உருவாக்கினார். துண்டுகள் டேப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைக் கொடுத்தால் கணிப்பொறியே துண்டை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணிப்பொறி 1949-ல் இயங்கத் தொடங்கியது. அங்கே துளையிட்ட காகித நாடாக்களில் துண்டுகளைச் சேமித்து ஒரு நூலகமே வைத்திருந்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அதை விளக்கி 1951-ல் புத்தகம் எழுதினார்கள்.

இப்போ நாமும் ஒரு துண்டு எழுதலாம்

வேலை: ஒரு வருடம் லீப் வருடமா என்று சொல்ல வேண்டும்.

1. வருடம் 400-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் ‘லீப்’ என்று சொல்லி நிறுத்து.
2. 100-ஆல் வகுபட்டால் ‘லீப் இல்லை’ என்று சொல்லி நிறுத்து.
3. 4-ஆல் வகுபட்டால் ‘லீப்’ என்று சொல்லி நிறுத்து.
4. எதுவும் இல்லையென்றால் ‘லீப் இல்லை’ என்று சொல்.

‘4-ஆல் வகுபட்டா லீப், அவ்வளவுதானே, எதுக்கு இத்தனை வரி?’ என்று கேட்பீர்கள். அந்த ஒரு வரியை வைத்து 2023, 2024 இரண்டையும் சோதித்தால் விடை சரியாத்தான் வரும். ஆனால் 1900-ஐப் போட்டுப் பாருங்கள். ‘லீப்’ என்று தப்பா சொல்லும். 1900 லீப் வருடம் இல்லை, 2000 லீப் வருடம். அதனால் 2023, 2024, 1900, 2000 என்று நான்கு எண்களையும் போட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு வரியைச் சோதிக்கும்.

வரிசையும் முக்கியம். மூன்றாவது வரியை முதலில் போட்டால் 1900 அங்கேயே ‘லீப்’ ஆகிவிடும்!

உங்களுக்குத் தெரியுமா?

1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள், 1900-ஐ லீப் வருடமாகக் கணக்கிட்டது. பிறகு வந்த எக்செல், லோட்டஸ் ஃபைல்களில் உள்ள தேதிகள் மாறிவிடக் கூடாது என்று அதையே வைத்துக்கொண்டது. விண்டோஸ் எக்செல்லில் 60 என்று தட்டி, அதைத் தேதியாக மாற்றுங்கள். 29 பிப்ரவரி 1900 என்று வரும். இல்லாத ஒரு நாள்! எல்லோர் கைக்கும் போன பிறகு ஒரு தப்பைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் பார்த்தீங்களா?

துண்டோடு எழுத வேண்டிய குறிப்புகள்

1. துண்டின் பெயர், அது செய்யும் வேலை.
2. உள்ளே என்ன கொடுக்கணும், வெளியே என்ன வரும்.
3. எந்தெந்த எண்களைப் போட்டுச் சோதித்தோம், என்ன விடை வந்தது.
4. எழுதியவர் பெயர், தேதி. யாராவது திருத்தினால் அவர் பெயரும், திருத்திய காரணமும்.

நான்காவது குறிப்பை யாரும் விட்டுவிடாதீங்க. எழுதினவங்க பெயரை அழிச்சுட்டு நம்ம பெயரைப் போட்டா அதுக்குப் பேர் பகிர்வு இல்லை, திருட்டு. பெயர் இருந்தால்தான் சந்தேகம் வரும்போது யாரிடம் கேட்பது என்றும் தெரியும்.

கம்ப்யூட்டர் அறையில் நமக்கு வாரம் ஒரு பீரியட்தான். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் உட்கார்றோம். என்னைப் போல வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவங்க நிறைய பேர். நோட்டில் இருக்கும் துண்டு தப்பா இருந்தா, அதைத் தேடுறதிலேயே மணி அடிச்சிடும். நாலு பேருக்கும் அந்த வாரம் போச்சு. பேப்பரும் பென்சிலும் வச்சு முன்னாடியே சோதிச்சுட்டா அந்த பீரியட் நமக்கு மிச்சம். சோதிக்க கம்ப்யூட்டர் வேண்டியதில்லையே!

அதனால் வகுப்புக்கு ஒரு ‘நிரல் நோட்டு’ போடலாம். இதோ முதல் வேலை: மூன்று எண்களில் பெரியது எது என்று சொல்லும் துண்டை எழுதுங்கள். 7, 7, 3 என்று இரண்டு எண்கள் சமமாக இருந்தாலும் விடை சரியா வரணும். நான்கு குறிப்புகளோடு எழுதி என்னிடம் கொடுங்கள். சோதித்துப் பார்த்து, சரியாக இருப்பதை உங்கள் பெயரோடு அடுத்த இதழில் எழுதுகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி